ராபின் ஹூட் ஏழைகளுக்காகவா கொள்ளையடித்தான்?

கதிர்:
பணக்காரனிடம் பறித்து ஏழைக்குக் கொடுத்தவன் என்றுதான் எல்லோருக்கும் ராபின் ஹூட்டைத் தெரியும். பழைய ஆங்கிலக் கதைப்பாடல்களில் அதைத் தேடிப் பாருங்கள். 1500-ஐ ஒட்டி அச்சான நீண்ட பாடலில் அவன் பெருந்தொகை கொடுப்பது ஒரே ஒருவருக்குத்தான். அவரும் கூலிக்காரர் இல்லை. யார்க் நகர மடத்தில் நிலத்தை அடகு வைத்துவிட்டு மீட்க முடியாமல் நிற்கும் ஒரு நைட், அதாவது வீரப் பட்டம் பெற்ற நிலக்காரர். கொடுத்தது 400 பவுண்டு, அதுவும் கடனாக. ராபினைப் பிரபு ஆக்கியது 1598-இல் ஆண்டனி மண்டே எழுதிய நாடகங்கள். பழைய பாடல்களில் அவன் சாதாரண யோமன், பிரபுவும் இல்லை, அடிமைக் குடியும் இல்லை. காதலி மரியனும் அவற்றில் கிடையாது.

பொன்னி:
கடன் என்றதோடு நிறுத்திவிட்டீர்களே கதிர், அந்த நைட் திருப்பிக் கொடுக்க வந்தபோது என்ன நடந்தது? அதற்குள் அதே மடத்துத் துறவி ஒருவர் காட்டு வழியில் மாட்டி, 800 பவுண்டு ராபின் கைக்கு வந்திருந்தது. உங்கள் கடன் அடைந்துவிட்டது என்று சொல்லி, மேலே 400 பவுண்டு கொடுத்து அனுப்புகிறான். பாட்டின் தொடக்கத்தில் கூட்டாளிகளுக்கு அவன் இடும் கட்டளையையும் படியுங்கள். ஏர் பிடித்து உழுபவனைத் தொடாதே. பிஷப்புகளை அடித்துக் கட்டு. அரசனின் அதிகாரியான நாட்டிங்ஹாம் ஷெரீப்பை மறந்துவிடாதே. ஏழைகளுக்கு நிறைய நன்மை செய்தான் என்றுதான் அந்தப் பாட்டே முடிகிறது.

கதிர்:
முடிவில் ஓர் அடி இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உழவன் கையில் ஒரு காசு வைக்கும் காட்சி அந்த நீண்ட பாட்டில் எங்கே? உழவனை அடிக்காமல் விடுவது வேறு, அவனுக்குக் கொடுப்பது வேறு.
1450 வாக்கில் எழுதப்பட்ட ஏட்டில் உள்ள இன்னொரு பாடலைப் பாருங்கள். தேவாலயத்தில் ராபினைக் காட்டிக்கொடுத்த துறவியை ராபினின் கூட்டாளிகள் லிட்டில் ஜானும் மச்சும் வழிமறிக்கிறார்கள். துறவியின் தலையை ஜான் வெட்டுகிறான். கூட வந்த சிறுவனை மச் கொல்கிறான், வெளியே சொல்லிவிடுவானோ என்ற பயத்தில். அந்தப் பையன் எந்த ஏழையின் பிள்ளையோ!

செங்காடு:
ஏழை பணக்காரன் என்றே பேசினால் அந்தப் பாட்டின் உயிர் கைக்கு வராது. ஜான் எந்த நிலையில் போய் ராபினை மீட்டான்? சற்று முன்தான் இருவரும் பந்தயம் வைத்து அம்பெய்தார்கள். ஜான் 5 ஷில்லிங் ஜெயித்தான். ராபின் தர மறுத்து அவனைக் கை நீட்டி அடித்தான். இனி உனக்கு வேறு ஆளைப் பார்த்துக்கொள் என்று ஜான் பிரிந்து போனான். ஆனாலும் ராபின் பிடிபட்டான் என்று கேட்டதும், மற்றவர்கள் இடிந்துபோய் நிற்க, இவன்தான் புறப்பட்டான். அரசனையே ஏமாற்றி, சிறைக் காவலனைக் கொன்று, ராபினைக் காட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தான். இனி நீயே தலைவனாக இரு என்கிறான் ராபின். வேண்டாம், தோழனாக இருந்தால் போதும் என்கிறான் ஜான். நானூறு பவுண்டைவிட எனக்கு இது பெரிது.

பொன்னி:
செங்காடு, எனக்கும் அந்த இடத்தில் கண் கலங்கும். கதிர் சொன்ன பையனையும் மறைக்க மாட்டேன், அந்தக் கொலைக்கு நியாயம் கிடையாது. ஆனால் வெறும் கொள்ளைக் கூட்டமாக மட்டும் மக்கள் பார்த்திருந்தால், உழுபவனைத் தொடாதே என்ற கட்டளையைப் பாட்டின் வாசலிலேயே வைத்திருப்பார்களா?

கதிர்:
தங்களைத் தொடாத திருடன் என்பதே அந்தக் கால உழவனுக்குப் பெரிய விஷயம். அந்த நிம்மதியில் பாடினார்கள் என்று சொல்லுங்கள், ஏற்கிறேன். வள்ளல் என்று மட்டும் சொல்லாதீர்கள். என் பிள்ளைகளுக்கு இந்தக் கதையை அந்தச் சிறுவனோடு சேர்த்துத்தான் சொல்கிறேன். மச் ஏன் அப்படிச் செய்தான் என்று சின்னவள் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.