பித்தப்பை லேப்ராஸ்கோபி: எல்.எம்.ஏ.வா, டியூபா? குரலுக்கு எது நல்லது?

கேள்வி:
அனைவருக்கும் வணக்கம். என் அக்காவுக்குப் பித்தப்பைக் கல்லுக்காக லேப்ராஸ்கோபி செய்யவிருக்கிறார்கள். அவர் வாய்ப்பாட்டு ஆசிரியை என்பதால், மயக்கத்தின்போது தொண்டைக்குள் செலுத்தும் டியூபினால் குரல் கெட்டுவிடுமோ என்று அஞ்சுகிறார். குரல்நாண்களைத் தாண்டிச் செல்லாத எல்.எம்.ஏ. (லாரிஞ்சியல் மாஸ்க் ஏர்வே) என்ற மூச்சுவழிக் கருவியை வைத்தால் இந்தத் தொல்லை இராது என்கிறார்கள். லேப்ராஸ்கோபிக்கு அது பாதுகாப்பானதா?

பதில் 1 (மயக்கவியல் மருத்துவர்):
டியூப் குரல்நாண்களுக்கு நடுவே நிற்பதால், தொண்டை வலியும் குரல் கம்மலும் எல்.எம்.ஏ.வைவிட அதில் கூடுதலாகவே காணப்படுகின்றன. 1981இல் பிரிட்டிஷ் மயக்கவியல் மருத்துவர் ஆர்ச்சி பிரெய்ன் உருவாக்கிய எல்.எம்.ஏ., குரல்வளையின் வாயிலுக்கு மேலே பொருந்தி அமர்வது. ஆனால் லேப்ராஸ்கோபியில் வயிற்றுக்குள் கரியமில வாயுவை வழக்கமாக 12 முதல் 15 மி.மீ. பாதரச அழுத்தத்தில் நிரப்புவதால் உதரவிதானம் மேலே தள்ளப்பட்டு, நுரையீரலுக்குள் காற்றைச் செலுத்த அதிக அழுத்தம் தேவைப்படுகிறது. பழைய எல்.எம்.ஏ. ஏறக்குறைய 20 செ.மீ. நீர் அழுத்தத்திலேயே கசியத் தொடங்கும். 2000இல் வந்த புரோசீல் என்ற மேம்பட்ட எல்.எம்.ஏ. 30 செ.மீ. வரை தாங்குவதோடு, இரைப்பை நீரை வெளியேற்றத் தனி வழியும் கொண்டது. ஐ-ஜெல் என்ற இதே வகைக் கருவியிலும் அத்தகைய வழி உண்டு. அதில் காற்று நிரப்பும் கஃப் (கசியாமல் அடைக்கும் ஊதுபை) இல்லை. வெறும் வயிற்றில், உடல் பருமனோ நெஞ்செரிச்சலோ இல்லாதவருக்கு, அனுபவமுள்ள கைகளில் இவை ஏற்கத்தக்கவை.

பதில் 2 (மயக்கவியல் மருத்துவர்):
இருந்தாலும் பித்தப்பை அறுவைக்கு நான் டியூபையே விரும்புவேன். பிரிட்டனில் 2011இல் வெளியான நான்காவது தேசியத் தணிக்கை, மயக்கத்தின்போது மூச்சுவழிச் சிக்கலால் நேர்ந்த இறப்புகளுக்கு, இரைப்பையில் உள்ளது நுரையீரலுக்குள் புகுந்ததே முதன்மைக் காரணம் என்று காட்டியது. சில நாள் கம்மலையும், டியூப் பெரிதும் குறைக்கும் இந்த ஆபத்தையும் ஒரே தட்டில் வைக்க என்னால் இயலாது.

தொண்டையைக் காப்பதில் கருவியின் பெயரைவிடக் கஃபின் அழுத்தமே எனக்கு முக்கியமாகப் படுகிறது. டியூபின் கஃப் 20 முதல் 30 செ.மீ. நீர் அழுத்தத்துக்குள் இருக்க வேண்டும். அதைத் தாண்டினால் மூச்சுக்குழலின் உட்சவ்வுக்கு இரத்த ஓட்டம் குறைகிறது. மயக்க வாயுவான நைட்ரஸ் ஆக்சைடு தந்தால் அது கஃபுக்குள் ஊடுருவி அழுத்தத்தை மெல்ல ஏற்றிவிடும் என்பதால், கஃபுடன் இணைந்து வெளியே இருக்கும் சிறு பலூனை விரலால் அழுத்திப் பார்த்து நிறைவடையாமல் மானோமீட்டர் என்ற அழுத்தமானியால் இடையிடையே அளக்க வேண்டும். எல்.எம்.ஏ.வின் கஃபும் 60 செ.மீ. நீர் அழுத்தத்தைத் தாண்டக் கூடாது. மிகையாக ஊதப்பட்ட கஃப் நாக்கு நரம்பை அழுத்தி உணர்ச்சியின்மையை உண்டாக்கிய நிகழ்வுகள் பதிவாகியுள்ளன.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் மிக்க நன்றி. அக்காவுக்கு நெஞ்செரிச்சல் உண்டு. அப்படியானால் டியூப்தான் என்றால், நாங்கள் மருத்துவரிடம் என்ன கேட்க வேண்டும்?

பதில் 2:
நெஞ்செரிச்சல் இருப்பதை முதலில் சொல்லுங்கள்; பாடுவதே அவருடைய தொழில் என்பதையும் சொல்லுங்கள். பொருந்தக்கூடிய சற்றுச் சிறிய டியூபைப் பயன்படுத்த இயலுமா, கஃப் அழுத்தத்தை அளப்பார்களா என்று கேளுங்கள். வாந்தியைத் தடுக்க வழக்கமாகத் தரப்படும் டெக்ஸாமெத்தசோன் தொண்டை வலியையும் குறைக்கிறது. வலி பெரும்பாலும் ஓரிரு நாளில் தணிந்துவிடும். கம்மல் ஒரு வாரத்துக்கு மேல் நீடித்தாலோ, விழுங்கும்போது புரையேறினாலோ, காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் குரல்நாண்களைக் காட்ட வேண்டும். குரல் முழுமையாகத் தெளியும்வரை அவர் பாட வேண்டாம்.