மருத்துவமனையில் எது இல்லாமல் தவித்தீர்கள்? அனுபவங்களைப் பகிருங்கள்

கட்டட வடிவமைப்பாளர், திருச்சி:
ஓர் அறக்கட்டளைக்காகப் புதிய மருத்துவமனை ஒன்றின் வரைபட வேலையில் இருக்கிறேன். "நம் பண்பாடு தெரிய வேண்டும்" என்பது நிர்வாகிகளின் முதல் நிபந்தனை. அதற்காக முகப்பில் கோபுர வளைவும் வரவேற்பறையில் தஞ்சாவூர் ஓவியமும் கேட்கிறார்கள். அதே வரைபடத்தில் நோயாளியோடு வருகிறவர்களுக்கு ஒதுக்கியிருப்பது ஒரு வரிசை இரும்பு நாற்காலி. துணைக்கு ஆளில்லாமல் வந்து படுக்கையில் சேருகிறவர் நம் பக்கத்தில் அபூர்வம். ஓவியத்தைப் பற்றி அப்புறம் பேசிக்கொள்ளலாம். கட்டடத்தில் எது இல்லாமல் அல்லல்பட்டீர்கள் என்று சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற செவிலியர், மதுரை:
என் பணிக்காலத்தின் பெரும்பகுதி பேறுகால வார்டில் கழிந்தது. குழந்தை பிறந்ததும் பாட்டி கேட்கும் முதல் கேள்வி ஆணா பெண்ணா என்பது. இரண்டாவது, "எத்தனை மணி, எத்தனை நிமிடம்?" ஜாதகம் அதை வைத்துத்தான். பழைய கட்டடத்தில் கடிகாரம் எங்கள் முதுகுப் பக்கம் தொங்கியது, அதுவும் சற்று முன்னே ஓடும். பிரசவ மேசையிலிருந்து நிமிர்ந்தால் கண்ணில் படுகிற இடத்தில் நல்ல கடிகாரம் ஒன்றை மாட்டுங்கள். முதல் நிமிடத்திலும் ஐந்தாம் நிமிடத்திலும் குழந்தையின் நிலையைக் குறித்துவைக்க எங்களுக்கும் அது வேண்டும்.

அடுத்து வெந்நீர். பிள்ளை பெற்றவளைப் பச்சைத் தண்ணீரில் கைவைக்க விடமாட்டார்கள். நாங்கள் மாறிய புதிய கட்டடத்தில் குளியலறை பளபளத்தது. வெந்நீர்க் குழாய் இல்லை, வாளி வைக்கவும் இடமில்லை. வீட்டிலிருந்து பூண்டுக் குழம்பும் மிளகு ரசமும் பத்தியமாக வரும், சூடுபடுத்த வழி கிடையாது. துவைத்த துணிக்குக் கொடி இல்லாததால் சாய்தளக் கைப்பிடி முழுக்கச் சேலை தொங்கும், காவலாளி வந்து உருவிப் போடுவார், மறுநாளும் தொங்கும். ஒரு துவைகல் வரைந்தால் வரைபடத்தின் அழகு கெட்டுவிடுமா என்ன?

துணைக்கு வருகிறவர்கள் பாய் விரித்தால் முகம் சுளிக்கிறவர்களுக்கு ஒன்று. எங்கள் ஊர் அரவிந்த் கண் மருத்துவமனையின் இலவசப் பிரிவில் நோயாளிகளே தரையில் பாய் விரித்துப் படுத்துக் குணமாகிப் போயிருக்கிறார்கள். வீட்டிலும் பாயில் படுத்தவர்கள், கண்ணில் கட்டோடு கட்டிலிலிருந்து விழுந்துவிடுவோம் என்ற பயமும் இல்லை.

அமரர் ஊர்தி ஓட்டுநர், விழுப்புரம்:
அக்கா பிறப்பைச் சொல்லிவிட்டார்கள், நான் மறுமுனையைச் சொல்கிறேன். நான் போகிற பல இடங்களில் பிணவறை கொல்லைப்புறத்தில், குப்பை வண்டி நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. போலீஸ் காகிதம் வந்து, பிரேதப் பரிசோதனை முடிந்து, உடல் கைக்கு வருவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். அதுவரை சொந்தபந்தம் வெயிலில் நிற்கும். பெண்கள் வாய்விட்டு அழுதால் "சத்தம் கூடாது" என்று அதட்டல் வேறு. ஒப்பாரி வைக்காமல் எந்த ஊரில் உடலை எடுத்தார்கள்? ஒரு கூரை, மறைவுக்கு ஒரு சுவர், கைகால் கழுவக் குழாய் இருந்தால் போதும். உடலைத் தொட்டவர்கள் தண்ணீர் படாமல் வேறு எதையும் தொடத் தயங்குவார்கள், குடிக்கத் தண்ணீர்கூட வாங்க மாட்டார்கள். கேன்டீன் வாசல் வழியாக உடலைக் கொண்டுபோகிற மருத்துவமனை ஒன்றும் இருக்கிறது, பெயர் வேண்டாம்.

செவிலியர், ஆக்லாந்து:
அண்ணன் கடைசியாகச் சொன்னதை இங்கே பெருங்குற்றமாக நினைப்பார்கள். நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரி மக்களுக்குத் தலை புனிதம். உணவையும் உடல் கழிவையும் அருகருகே வைப்பது ஆகாது. அதனால் தலைக்கு வைத்த தலையணையைக் காலுக்குக் கொடுக்க மாட்டோம், சாப்பாட்டு மேசையில் உட்கார மாட்டோம். யாராவது இறந்தால் அவர்கள் முறைப்படி கரகியா என்ற பிரார்த்தனையை ஓதி அறையைத் தூய்மைப்படுத்திய பிறகுதான் அடுத்தவருக்குக் கட்டில். நஞ்சுக்கொடியைக் கேட்டு வாங்கிப்போய் மண்ணில் புதைக்கிறார்கள். பணியில் சேரும்போதே இதையெல்லாம் கற்றுக்கொடுத்துவிட்டார்கள்.

நம்மவர்களுக்கு இப்படி எழுதிவைத்த விதி கிடையாது. ஒரு தமிழ்க் குடும்பம் தாயின் கடைசி நேரத்தில் விளக்கேற்ற விரும்பியது. ஆக்ஸிஜன் ஓடும் அறையில் தீ ஆகாதே! பேட்டரி விளக்கு வைத்து, நெற்றியில் திருநீறு இட்டு, பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து உதட்டில் பால் தொட்டுவைக்க நேரம் கொடுத்தோம். அந்த மகன் தயங்கித் தயங்கிக் கேட்டதால் நடந்தது. எத்தனை பேர் கேட்காமலே போயிருப்பார்களோ.

மருத்துவர், சேலம்:
எல்லாம் சரி, ஒரு நோயாளிக்கு ஆறு பேர் வார்டுக்குள் உட்கார்ந்தால் தொற்றுக்கு யார் பொறுப்பு? இருமிக்கொண்டே ஒரு சித்தப்பா குறைப்பிரசவக் குழந்தையைக் கொஞ்ச வருகிறார். பண்பாடு என்று அதையும் ஏற்கச் சொல்கிறீர்களா?

கட்டட வடிவமைப்பாளர், திருச்சி:
ஏற்க வேண்டாம் டாக்டர். ருவாண்டாவில் 2011-இல் திறக்கப்பட்ட புடாரோ மருத்துவமனையில் நடைபாதைகளைக் கட்டடத்துக்கு வெளியே போட்டார்கள். மூடிய தாழ்வாரத்தில் கூட்டம் காத்திருந்தால் காசநோய் பரவும் என்பதுதான் காரணம். உள்ளூர்க் கொத்தனார்கள் எரிமலைக் கல்லில் சுவர் எழுப்பினார்கள். கட்டில்கள் சன்னலைப் பார்த்து இருக்கின்றன. திண்ணை கட்டிப் பழகிய நமக்கு இது கடினமா? வார்டுக்குள் ஒருவர் மட்டும் இருக்கட்டும். மற்றவர்கள் பாய் விரிக்க வெளியே அகலமான, காற்றோட்டமான தாழ்வாரம். சித்தப்பா கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று கொஞ்சட்டும்.

கடிகாரம், வெந்நீர், துவைகல், கொடி எல்லாம் வரைபடத்தில் ஏறிவிட்டன. பிணவறை முற்றம்தான் இழுபறி. நிர்வாகிகள் அந்த இடத்தைக் கார் நிறுத்தக் கேட்கிறார்கள். ஓட்டுநர் ஐயா, ஓர் உடலை வாங்க வழக்கமாக எத்தனை பேர் வருவார்கள்? பரப்பளவைக் கையில் வைத்துக்கொண்டு பேசினால்தான் எடுபடும்.

அமரர் ஊர்தி ஓட்டுநர், விழுப்புரம்:
வயதானவர் என்றால் பதினைந்து, இருபது பேர். விபத்தில் போன இளைஞன் என்றால் தெருவே வரும். அதற்குத் தக்கபடி போடுங்கள் சார். வண்டியைப் பின்னால் எடுக்காமலே திருப்பிக்கொண்டு போகவும் இடம் விடுங்கள், கூட்டத்துக்குள் பின்னோக்கி ஓட்டுவது பெரும்பாடு.