ஜெர்மனியின் மூன்றாம், நான்காம் பிரிவுகளில் ஆடும் தொழில்முறைக் கால்பந்து வீரரின் பணிவாழ்வு எப்படி நகர்கிறது?

பின்வரிசைப் பார்வையாளர் எழுதியது:

ஜெர்மனியின் கீழ்ப்பிரிவுக் கால்பந்தைச் சில பருவங்களாகத் தொடர்ந்து கவனித்து வருகிறேன். மார்க் ஷ்னாட்டரரின் வரலாறுதான் இந்தக் கேள்வியைக் கேட்க வைத்தது. 2008இல் அவர் ஹைடன்ஹைம் கழகத்தில் சேர்ந்தபோது அது நான்காம் பிரிவில் இருந்தது. மறு ஆண்டே மூன்றாம் பிரிவான 3. லிகா, 2014இல் இரண்டாம் புண்டஸ்லிகா என்று கழகம் ஏறிய ஒவ்வொரு படியிலும் அவர் முன்னணியில் நின்றார். 2020இல் முதல் பிரிவுக்கான தகுதிகாண் ஆட்டங்களில் வெர்டர் பிரேமனுடன் 0-0, 2-2 என்று இரண்டையும் சமன் செய்தும், எதிரணி மைதானத்தில் அதிகக் கோல் அடித்த அணிக்கே வெற்றி என்னும் வெளியூர்க் கோல் விதியால் ஹைடன்ஹைமின் வாய்ப்பு பறிபோயிற்று. அடுத்த ஆண்டு அவர் 3. லிகாவிலிருந்த வால்ட்ஹோஃப் மான்ஹைமுக்குச் சென்றார். 2023இல் ஹைடன்ஹைம் முதல் பிரிவான புண்டஸ்லிகாவில் நுழைந்தபோது அவர் அங்கே இல்லை.

அவருக்காவது ஒரே ஊரில் 13 பருவங்கள் கிடைத்தன. மற்றவர்களின் நிலை என்ன? அவர்களுடைய ஒப்பந்தம் எவ்வளவு காலத்துக்கு, காயம்பட்டால் யார் பணம் தருவார்கள், கழகமே திவாலானால் என்ன செய்வார்கள், இந்தத் தொழிலை மட்டும் நம்பி முப்பது வயது வரை காலம் தள்ள முடியுமா? நட்சத்திரமாக உயர்ந்தவர்களின் கதைகளை நான் கேட்கவில்லை. நடுவில் நிற்பவர்களைப் பற்றி அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாவேன்.

---

இடதுபுறக் காவலர் எழுதியது:

நண்பரே, அமைப்பின் வடிவத்தைப் பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். முதல் இரு பிரிவுகளிலும் தலா 18 கழகங்கள். அவற்றை நடத்துவது லீக் நிறுவனமான டிஎஃப்எல். அதற்குக் கீழே 20 கழகங்கள் கொண்ட 3. லிகாவை, 2008இல் அது தொடங்கியது முதலே, ஜெர்மானியக் கால்பந்துச் சங்கமான டிஎஃப்பி நடத்துகிறது. தொலைக்காட்சிப் பணம் இந்த எல்லைக்கோட்டில் செங்குத்தாக விழுகிறது. ஆனால் பயிற்சி, பயணம், பார்வையாளரின் எதிர்பார்ப்பு ஆகியவை அந்த அளவுக்குக் குறைவதில்லை. அண்மைப் பருவங்களில் 3. லிகாவின் சராசரிப் பார்வையாளர் எண்ணிக்கையே ஆட்டத்துக்கு 10,000த்தைத் தாண்டியிருக்கிறது. முழுநேரத் தொழிலுக்குரிய உழைப்பைக் கேட்டுவிட்டு, ஓய்வுக்காலத்துக்குச் சேமிக்க முடியாத ஊதியத்தைத் தருகிற பிரிவு என்றுதான் நான் அதைச் சொல்வேன்.

ஆண்டுதோறும் 20 கழகங்களில் நான்கு கீழே இறங்குகின்றன. இரண்டு நேரடியாக மேலே செல்கின்றன. மூன்றாம் இடம் பிடித்தது இரண்டாம் புண்டஸ்லிகாவில் 16ஆம் இடம் பிடித்த அணியோடு மோதுகிறது. நான்காம் பிரிவான ரெகியோனால்லிகா ஐந்து வட்டாரங்களாகப் பிரிந்திருக்கிறது. ஐந்து வட்டாரங்களின் வெற்றியாளர்களுக்கும் சேர்த்து மேலே இருப்பவை நான்கே இடங்கள்; அதனால் இரு வெற்றியாளர்கள் தமக்குள் இரண்டு ஆட்டங்கள் மோதித்தான் ஓரிடத்தைப் பெற வேண்டும். ஒரு பருவம் முழுவதும் முதலிடத்தில் நின்றுவிட்டு, கடைசி இரு ஆட்டங்களில் எல்லாவற்றையும் இழக்கலாம் என்பது இதன் பொருள். 2023இல் எனர்கி கோட்புஸ் அப்படித்தான் உண்டர்ஹாகிங்கிடம் தோற்று, இன்னோர் ஆண்டு காத்திருந்தது. பல ஒப்பந்தங்கள் குறிப்பிட்ட பிரிவுக்கு மட்டுமே செல்லும் என்று எழுதப்படுவதால், கழகம் இறங்கிய நாளில் வீரரின் ஒப்பந்தமும் முடிந்துபோகிறது.

வெளியே அதிகம் பேசப்படாத ஒன்று வயது விதி. 3. லிகாவின் ஒவ்வோர் ஆட்டப் பட்டியலிலும் ஜெர்மனிக்காக ஆடத் தகுதியுள்ள, 23 வயதுக்குட்பட்டோர் பிரிவைச் சேர்ந்த வீரர்கள் குறைந்தது நால்வர் இருந்தாக வேண்டும். இளையோரை வளர்க்க வந்த விதி அது, நோக்கத்தில் குறையில்லை. ஆனால் அதே திறமையுள்ள வீரர் ஒருவர் அந்த வயதைக் கடந்ததும் கழகத்தின் கணக்கில் அவருடைய மதிப்பு சட்டென்று மாறிவிடுகிறது. முன்பு விதியை நிறைவேற்ற உதவியவர், இப்போது இடத்தை அடைத்துக்கொண்டிருப்பவர். அவருக்குப் போட்டியாக மேல்பிரிவுக் கழகங்கள் கடனாக அனுப்பும் இளைஞர்களும் வருகிறார்கள். 2022-23இல் பிரேமனிலிருந்து எல்வர்ஸ்பெர்குக்கு வந்த நிக் வோல்ட்டமாடே பின்னர் ஜெர்மனியின் தேசிய அணி வரை உயர்ந்தார். அந்தப் பருவத்தில் அவருக்குப் பின்னால் மாற்று வீரர் இருக்கையில் உட்கார்ந்திருந்தவர்களைப் பற்றி யாரும் எழுதுவதில்லை.

---

சனிக்கிழமை இரண்டு மணி எழுதியது:

இடதுபுறக் காவலர் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் 23ஐக் கடந்தால் எல்லாம் முடிந்தது என்ற எண்ணம் வந்துவிடக் கூடாது. டெனிஸ் உண்டாவைப் பாருங்கள். பிரேமனின் இளையோர் அணியிலிருந்து விடுவிக்கப்பட்டு, ஹாஃபெல்ஸே, பிரவுன்ஷ்வைக் இரண்டாம் அணி என்று சுற்றி, 2018இல்தான் மெப்பன் வழியாக 3. லிகாவுக்கு வந்தார். இரண்டு ஆண்டுகள் கழித்துப் பெல்ஜியத்தின் இரண்டாம் பிரிவிலிருந்த யூனியன் செயிண்ட் ஜிலோவாவுக்குப் போனார். 2024 மார்ச்சில் ஜெர்மனியின் தேசிய அணிக்காக ஆடினார். ஏணி இருக்கிறது. சில சமயம் அது நாட்டுக்கு வெளியே சாய்த்து வைக்கப்பட்டிருக்கிறது, அவ்வளவே.

ஆயினும் கேள்வி கேட்டவரின் மனத்தில் இருப்பவருக்கு நெருக்கமான பெயர் அன்டோன் ஃபிங்க். 3. லிகாவின் முதல் பருவத்தில் உண்டர்ஹாகிங்குக்காக 21 கோல்கள் அடித்து அதிகக் கோலடித்தவர் ஆனார். அதன் பலனாக இரண்டாம் பிரிவிலிருந்த கார்ல்ஸ்ரூஹேக்குச் சென்றார், அங்கே நிலைக்கவில்லை. பிறகு கெம்னிட்ஸில் பல ஆண்டுகள், மீண்டும் கார்ல்ஸ்ரூஹே. மொத்தம் 136 கோல்களுடன் அந்தப் பிரிவின் வரலாற்றில் அதிகக் கோலடித்தவர் அவர். ஒரு பிரிவில் யாராலும் தடுக்க முடியாதவராகவும் அடுத்த பிரிவில் அரைவாசிப் பயனுள்ளவராகவும் ஒரே மனிதர் இருக்கலாம். இதைத் தோல்வி என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. தன் அளவை அறிந்து, அந்த அளவில் பத்தாண்டுக்கு மேல் தேவைப்படுபவராக இருந்தது அரிய காரியம்.

இவர்களுக்குப் பெருவெளிச்சம் விழும் இடம் டிஎஃப்பி கோப்பை. 2020 மார்ச்சில், நான்காம் பிரிவில் இருந்த சார்புரூக்கன் கால் இறுதியில் டுஸல்டோர்ஃபை வென்றபோது, கோல்காப்பாளர் டானியல் பாட்ஸ் ஆட்ட நேரத்தில் ஒரு பெனால்டியையும் பெனால்டிச் சுற்றில் நான்கையும் தடுத்தார். அப்படி அரையிறுதியை எட்டிய முதல் நான்காம் பிரிவு அணி அதுவே. ஆனால் அந்த இரவு அவரை உடனே மேல்பிரிவுக்குத் தூக்கிவிடவில்லை. 2023இல் மைன்ஸுக்குச் செல்லும்வரை அவர் சார்புரூக்கனிலேயே இருந்தார். முகவர்கள் கோப்பை ஆட்டங்களைக் காட்டிக் கனவு விற்கும்போது இதையும் சேர்த்துச் சொல்வது நல்லது.

---

ஒப்பந்தக் கணக்கர் எழுதியது:

தொழிலாளர் சட்டப் பக்கத்தை நான் சொல்கிறேன். கேள்வியின் மையம் அங்கேதான் இருக்கிறது.

இந்தத் தொழிலின் ஆண்டு ஜூன் 30இல் முடிகிறது. கீழ்ப்பிரிவுகளில் ஓராண்டு, இரண்டாண்டு ஒப்பந்தங்களே வழக்கம். வேறு தொழில்களில் இப்படி மீண்டும் மீண்டும் காலவரையறை வைத்து ஒருவரை அமர்த்தினால் ஜெர்மானிய நீதிமன்றம் அதை எளிதில் ஏற்காது. மைன்ஸின் கோல்காப்பாளராக இருந்த ஹைன்ஸ் முல்லர் இதையே கேட்டு வழக்குத் தொடுத்தார். 2015இல் முதல்நிலை நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தபோது கழகங்கள் கலங்கிப்போயின. 2018 ஜனவரியில் கூட்டாட்சித் தொழிலாளர் நீதிமன்றம், உயர்மட்ட விளையாட்டின் தனித்தன்மை காலவரையறைக்குப் போதுமான காரணம் என்று கூறி விஷயத்தை முடித்தது. சட்டத்தின் தர்க்கம் எனக்குப் புரிகிறது. எனினும், பல லட்சம் ஈட்டும் முதல் பிரிவு வீரரை மனத்தில் வைத்து எழுந்த அந்தத் தர்க்கம் 3. லிகாவின் மாற்றுப் பின்காவலரையும் அதே அளவில் கட்டுப்படுத்துகிறது என்பது உறுத்துகிறது.

மறுபக்கம், அவர் சமூகக் காப்பீட்டுக்கு உட்பட்ட ஊழியர் என்பதால் சில பாதுகாப்புகள் உண்டு. காயம்பட்டால் முதல் ஆறு வாரங்களுக்குக் கழகமே ஊதியம் தர வேண்டும். அதன்பின் விபிஜி என்னும் சட்டபூர்வ விபத்துக் காப்பீட்டு நிறுவனம் காயப்படி வழங்கும். பொதுவாக 78 வாரங்கள் என்பது அதன் எல்லை. முழங்கால் தசைநார் அறுந்த வீரருக்கு இது போதும் என்று தோன்றும். சிக்கல் எங்கே என்றால், சிகிச்சை நடக்கும்போதே ஒப்பந்தம் முடிந்துபோகலாம். படி தொடரும், ஆனால் புதிய கழகம் எதுவும் ஊன்றுகோலோடு வருபவரை ஒப்பந்தம் செய்யாது. ஒப்பந்தம் முடிய மூன்று மாதங்களுக்கு முன்பே வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும் என்ற விதி இவர்களுக்கும் பொருந்தும். கழகத்தைக் காப்பாற்ற ஆடிக்கொண்டிருக்கும் ஏப்ரல் மாதத்தில் ஒருவர் வேலை தேடுபவராகவும் பதிவாகியிருக்கிறார்.

திவால் குறித்துக் கேட்டீர்கள். அது அரிதல்ல. 3. லிகாவில் திவால் மனு கொடுத்தால் ஒன்பது புள்ளிகள் குறைக்கப்படும். 2018இல் கெம்னிட்ஸுக்கு அது நேர்ந்தது, கழகமும் இறங்கியது. 2022இல் துர்க்குச்சு மியூனிக் பருவத்தின் நடுவிலேயே போட்டியிலிருந்து விலகியது. அதன் ஆட்டங்கள் அனைத்தும் கணக்கிலிருந்து நீக்கப்பட்டன. வீரர்கள் அடித்த கோல்கள்கூட அட்டவணைக்கு உரியவையாக இல்லாமற்போயின. நிலுவை ஊதியத்தைப் பொறுத்தவரை, மற்றத் தொழிலாளர்களுக்கு உள்ளதுபோலவே கடைசி மூன்று மாதங்களுக்குரிய திவால் ஈட்டுத்தொகையை வேலைவாய்ப்பு அலுவலகத்திடம் பெறலாம்.

கோடையில் கழகமின்றி நிற்பவர்களுக்காக, 1987இல் தொடங்கப்பட்ட விடிவி என்னும் வீரர் சங்கம் டூயிஸ்பர்கில் ஒரு பயிற்சி முகாம் நடத்துகிறது. முறையான பயிற்சியாளர், நட்பு ஆட்டங்கள், பார்க்க வரும் தேர்வாளர்கள் என்று எல்லாம் உண்டு. ஜூலையில் உடற்தகுதியைத் தனியாகக் காப்பது கடினம்; ஆகஸ்டில் திடீரென அழைப்பு வந்தால் ஆயத்தமாக இருக்க வேண்டுமே.

---

பின்வரிசைப் பார்வையாளர் எழுதியது:

மூவருக்கும் நன்றி. ஒன்றே ஒன்று விளங்கவில்லை. நான்காம் பிரிவுக்கு இறங்குபவர் இன்னும் தொழில்முறை வீரர்தானா? 28 வயதில் ஒருவருக்கு 3. லிகாவில் ஓராண்டு ஒப்பந்தமும், ரெகியோனால்லிகாவில் மூன்றாண்டு ஒப்பந்தமும் ஒரே நேரத்தில் வந்தால் எதை ஏற்பது பொருத்தம்?

---

ஒப்பந்தக் கணக்கர் எழுதியது:

கழகத்தைப் பொறுத்தது. காலையில் பயிற்சி நடத்தி முழு ஊதியம் தரும் பழம்பெரும் கழகங்களும், மாலையில் வேலை முடிந்து வருபவர்களைக் கொண்ட அணிகளும் ஒரே அட்டவணையில் இருக்கின்றன. 2015இல் மணிக்கு 8.50 யூரோ என்ற குறைந்தபட்ச ஊதியச் சட்டம் வந்தபோது இந்த வேறுபாடே பெரிய பேச்சாயிற்று. விளையாட்டுதான் முதன்மை, பணம் துணை என்ற நிலையிலிருக்கும் சிறு ஒப்பந்த வீரர்களுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்று அப்போதைய தொழிலாளர் அமைச்சர் அந்திரியா நாலெஸ் சங்கங்களுக்குத் தெளிவுபடுத்தினார்.

உங்கள் உதாரணத்தில் நான் பார்ப்பது ஆண்டுகளின் எண்ணிக்கையை அல்ல. அந்த மூன்றாண்டு ஒப்பந்தத்தோடு ஆதரவாளர் நிறுவனம் எதிலாவது தொழிற்பயிற்சியோ அரைநேர வேலையோ சேர்ந்து வருகிறதா, கழகம் மேலே ஏறினாலும் கீழே இறங்கினாலும் ஒப்பந்தம் செல்லுமா, பயிற்சி நேரம் அந்த வேலைக்கு இடம் கொடுக்குமா என்பவைதான் முதலில் கேட்க வேண்டியவை. இவை மூன்றுக்கும் எழுத்தில் விடை இருந்தால் நான்காம் பிரிவையே தேர்ந்தெடுக்கச் சொல்வேன்.

---

சனிக்கிழமை இரண்டு மணி எழுதியது:

நான் மறுக்கிறேன். 28 வயதில் கோலடித்துக்கொண்டிருக்கும் தாக்குதல் வீரர் என்றால் 3. லிகாவின் ஓராண்டுதான் சரி. அங்கே பத்துக் கோல் அடித்தால் மறு ஆண்டு பேரம் பேசும் நிலை அவருடையது, நான்காம் பிரிவில் இருபது அடித்தாலும் அந்த நிலை வராது. பின்காவலர் என்றாலோ, ஒருமுறை முழங்கால் அறுவை செய்துகொண்டவர் என்றாலோ, கணக்கர் சொன்னதை அப்படியே ஏற்கிறேன்.