கென்யா மலை எரிமலை என்றால் அதன் வாய் எங்கே?

வரைபடப்பித்து கேட்டது:
ரெண்டு நாளாகக் கென்யா மலையைப் பற்றியே படித்துக்கொண்டிருக்கிறேன். அணைந்துபோன எரிமலை என்று எல்லா இடத்திலும் போட்டிருக்கிறது, ஆனால் படத்தைப் பார்த்தால் உடைந்த கோரைப்பல் மாதிரி ரெண்டு மூன்று கூர்முனைகள்தான் நிற்கின்றன. கிளிமஞ்சாரோ உச்சியில் வட்டமாகக் குழி இருக்கிறது, பார்த்தவுடன் நம்பலாம். இதற்கு வாயும் இல்லை கூம்பும் இல்லையே? அப்புறம், கிகுயு மக்கள் கும்பிடும் மலை என்கிறார்கள், உச்சிகளுக்கோ மாசாய் என்ற வேறு இனத்தாரின் பெயர்கள். அது எப்படி?

கல்லுளிமங்கன்:
வாய் இருந்தது, தேய்ந்துபோய்விட்டது. இது கடைசியாகக் குமுறி 26 லட்சம் ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. அந்தக் காலத்தில் 6,000 மீட்டரையும் தாண்டி நின்றிருக்கும் என்று கணக்குப் போடுகிறார்கள், இப்போது இருப்பதிலேயே உயரமான பாட்டியன் உச்சி 5,199 மீட்டர். எரிமலை ஓயும்போது குழம்பு அதன் தொண்டையிலேயே தங்கி, மெதுவாக ஆறி, கெட்டிக் கல்லாக இறுகிவிட்டது. சுற்றி இருந்த சாம்பலும் உதிரிப் பாறையும் அவ்வளவு கெட்டி இல்லை. பனியாறுகள் மாறி மாறி வந்து அவற்றை வழித்துக்கொண்டு போய்விட்டன, அடைத்திருந்த கல் மட்டும் மிஞ்சியது. ஆக நீங்கள் படத்தில் பார்ப்பது தொண்டைக்குள் இருந்த தக்கையை. கிளிமஞ்சாரோவின் உச்சிக் கூம்பான கிபோ வயதில் மிகச் சின்னது, அதனால்தான் அதன் வாய் இன்னும் அழியவில்லை.

ஒரு கொசுறு: இங்கே கெனைட் என்று ஒரு கல் உண்டு, கறுத்த கண்ணாடி மாதிரிப் பரப்பில் சாய்சதுரமாக வெளிறிய படிகங்கள் பதிந்திருக்கும். பெயரே இந்த மலையிலிருந்து வந்ததுதான். அதே வகைக் கல் அண்டார்டிகாவில் எரபஸ் எரிமலையிலும் கிடைக்கிறது!

முகில்வாசி:
பெயர் விஷயத்துக்கு வருகிறேன். 1849ல் கிராஃப் என்ற ஜெர்மன் பாதிரியார் கிட்டுயி பக்கமிருந்து இதைப் பார்த்து, உச்சியில் பனி இருக்கிறது என்று எழுதினார். பூமத்திய ரேகையில் பனியா என்று ஐரோப்பாவில் பலர் நம்பவே இல்லை. இதை "அவர் கண்டுபிடித்தார்" என்று எழுதுவதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புதான் வரும், அடிவாரத்தில் தலைமுறை தலைமுறையாக உழுதுகொண்டிருந்தவர்கள் என்ன கண்ணை மூடிக்கொண்டா இருந்தார்கள்?

கிகுயு மக்களுக்கு இது கிரிநியாகா, இங்காய் என்ற கடவுள் வந்து தங்கும் இடம். முதல் மனிதன் கிகுயுவை இங்காய் இந்த மலைமேல் கூட்டிவந்துதான் நிலத்தைக் காட்டிக் கொடுத்தார் என்பது அவர்கள் கதை. பெரியவர்கள் மலையைப் பார்த்துக் கைகளை உயர்த்தி வேண்டுவார்கள், வீட்டு வாசலையும் மலை பார்த்து வைப்பது பழைய வழக்கம். கென்யா என்ற பெயர் காம்பா மொழியில் தீக்கோழி என்ற பொருளில் வந்தது என்றும் சொல்கிறார்கள். கறுத்த பாறையும் வெள்ளைப் பனியும் ஆண் தீக்கோழியின் இறகு மாதிரித் தெரியுமாம்.

பாட்டியன், நெலியன், லெனானா மூன்றும் மாசாய் சமயத் தலைவர் குடும்பத்தின் பெயர்கள். 1899ல் முதலில் பாட்டியன் ஏறிய மெக்கிண்டர் என்ற ஆங்கிலேயர் வைத்துவிட்டுப் போனது, கிகுயுவிடம் கேட்டு வைத்ததில்லை. 1950களில் ஆங்கிலேய ஆட்சியை எதிர்த்த மாவ் மாவ் போராளிகள் ஒளிந்திருந்ததும் இந்தக் காட்டில்தான். 1963 டிசம்பரில் சுதந்திரம் வந்த இரவில் லெனானா உச்சியில் கொடி ஏற்றினார்கள்.

நடைராஜா:
நான் லெனானா வரை போயிருக்கிறேன் (4,985 மீட்டர், கயிறு வேண்டாம், மூச்சுதான் வேண்டும்). மூங்கில் காடு தாண்டி மேலே போனால் ஆள் உயரத்துக்கு மேல் லோபீலியா என்ற செடிகள் நிற்கும். ஒரு வகையில் இலைகள் முட்டைக்கோஸ் மாதிரிச் சுற்றி அடுக்கி, நடுவில் தண்ணீர் தேங்கியிருந்தது. விடிகாலையில் விரலால் குத்தினேன், மேலே மெல்லிய ஐஸ் ஏடு உடைந்தது, அடியில் கொழகொழவென்று உறையாத தண்ணீர். குருத்து அந்தத் தண்ணீருக்குள் பத்திரமாக இருக்கிறது. பகலில் வெயில் கொளுத்தும், ராத்திரி எல்லாம் உறையும், தினம் தினம் இதே கூத்து.

இந்த மலையில் இருக்கும் லூயிஸ் பனியாறுதான் ஏமாற்றம். 1934க்கும் 2010க்கும் நடுவில் அதன் கொள்ளளவில் 90 சதவீதம் போய்விட்டதாம். நான் பார்த்தது அழுக்குச் சாம்பல் நிறத்தில் ஒரு துண்டு. தீக்கோழியின் வெள்ளை இறகு உதிர்ந்துகொண்டிருக்கிறது.

வரைபடப்பித்து:
தக்கை என்றதும் சட்டென்று புரிந்துவிட்டது, நன்றி. பாட்டியன் ஏற எந்த மாதம் நல்லது? ஏறப் போவதில்லை, சும்மா தெரிந்துகொள்ள.

நடைராஜா:
எந்தப் பக்கம் என்பதைப் பொறுத்தது. ஜூன் முதல் செப்டம்பர் வரை சூரியன் வடக்கே இருப்பதால் வடக்கு முகம் காய்ந்திருக்கும், அப்போது அந்தப் பக்கம் ஏறுவார்கள். டிசம்பர் முதல் மார்ச் வரை தெற்கு முகம். ஒரு பக்கம் பாறை வெதுவெதுப்பாக இருக்கும்போது மறுபக்கம் ஐஸ் பிடித்துக்கொண்டிருக்கும்.