மறு: ஐ.ஏ.டி.க்கு தமிழ்ல என்ன பேர்? – இருமடை, தருதுறை, பெறுதுறை

எல்லாருக்கும் வணக்கம்,

ஐ.ஏ.டி.ன்னா ஒரே லைன்ல வர்ற போனையும் இன்டர்நெட்டையும் பிரிச்சு குடுக்குற பெட்டி, அதுக்கு தமிழ்ல என்ன பேர் வைக்கலாம்னு நடக்குற இந்த இழைய ரெண்டு மூணு நாளா படிச்சிக்கிட்டேதான் இருக்கேன், திருத்துறைப்பூண்டி பக்கம் ஒரு வேலை மாட்டிக்கிச்சு, அதான் உடனே எழுத முடியல. ஆபீஸ்களுக்கு இன்டர்காம், டெலிபோன் வயரிங், நெட்வொர்க்னு இழுத்து குடுக்குறதுதான் என் தொழில், மொழியியல் படிச்சவன் இல்ல. ஆனா இந்த பெட்டிய தெனம் கையில எடுக்குறவன்ங்கிற முறையில கொஞ்சம் நீளமாவே சொல்லணும்.

> "ஒருங்கிணைந்த அணுகல் சாதனம்" என்றே வைத்துவிடலாம், பொருள் சரியாக வருகிறது.

பொருள் வருதுங்க, மறுக்கல. ஆனா ஏணி மேல நிக்கிறவன் கீழ நிக்கிற தம்பிய பாத்து "அந்த ஒருங்கிணைந்த அணுகல் சாதனத்த எடுத்து குடு"ன்னு ஒரு நாளும் கேக்க மாட்டான், "பாக்ஸ குடு"ன்னுதான் கேப்பான். அத விடுங்க, எதோட எது ஒருங்கிணைஞ்சுது, யார் எத அணுகுறாங்க, அந்த சொல்லுல எங்கயுமே இல்ல. குரலும் இல்ல டேட்டாவும் இல்ல. இன்டக்ரேட்டட் ஆக்சஸ் டிவைஸ்ங்கிற இங்கிலீஷ் பேரே அப்படி பொத்தாம்பொதுவாதான் இருக்கு, அத அப்படியே எறக்கினா நமக்கும் அதேதான் வரும். பெட்டி என்ன செய்யுதுன்னு பாத்துட்டு அதுக்கு பேர் வைப்போமே.

பெட்டியோட முதுகுப்பக்கத்த திருப்பி பாருங்க. வெளியில இருந்து உள்ள வர்றது ஒரே ஒரு இணைப்பு. பழைய மாடல்னா ஈ1 (டெலிபோன் கம்பெனி குடுக்குற டிஜிட்டல் லைன்) இல்ல டி.எஸ்.எல். (போன் கம்பியிலயே வர்ற இன்டர்நெட்) காப்பர், இப்ப வர்றதுல பச்சை மூக்கு வச்ச பைபர். வெளிய போறது ரெண்டு வகை: கம்ப்யூட்டருக்கு எட்டு கம்பி ஆர்.ஜே. 45, போனுக்கு சின்னதா ஆர்.ஜே. 11, அதுல நடுவுல உள்ள ரெண்டு கம்பிக்குத்தான் வேலை. ஒண்ணா வர்றத ரெண்டா பிரிச்சு விடுறதுதான் இதோட முழு தொழிலும்.

ஈ1 லைன எடுத்துக்குங்க, 2048 கேபிபிஎஸ் (நொடிக்கு 2048 கிலோபிட்), அது 32 பங்கு, பங்குக்கு 64. பூஜ்யமாவது பங்கு ரெண்டு முனையும் ஒரே தாளத்துல ஓடுற ஒத்திசைவுக்கு போயிடும், பதினாறாவது சிக்னலிங்குக்கு (எந்த நம்பர கூப்பிடுறாங்கங்கிற மாதிரி சேதிக்கு), மிச்சம் 30. அதுல பத்த போனுக்கு விட்டா இருவது டேட்டாவுக்கு, அதாவது 1280 கேபிபிஎஸ். போன்ல யாருமே பேசலன்னாலும் அந்த பத்து பங்கு சும்மா ஓடிக்கிட்டுதான் இருக்கும், டேட்டாவுக்கு வராது. பின்னாடி வந்த ஐ.பி. மாடல்கள்ல (குரலையும் டேட்டாவையும் பொட்டலம் பொட்டலமா, அதாவது பாக்கெட்டா அனுப்புற மாடல்) அந்த கட்டு இல்ல, பேச்சு இல்லாதப்போ எல்லாத்தையும் டேட்டா எடுத்துக்கும், பேச்சு வந்துட்டா அதுக்கு வழி விட்டே ஆகணும். ஏன்னா 512 கேபிபிஎஸ் லைன்ல 1500 பைட் பொட்டலம் ஒண்ணு போய் முடியவே 23 மில்லிசெகண்டு ஆயிடும், குரல் பொட்டலமோ பொதுவா 20 மில்லிசெகண்டுக்கு ஒண்ணு கெளம்பியாகணும், பெருசுக்கு பின்னாடி சின்னது மாட்டிக்கிட்டா பேச்சு விட்டு விட்டு கேக்கும். அதனால பெருச துண்டு போட்டு நடுவுல குரல நுழைக்கிற வேலையையும் இதே பெட்டி செய்யுது.

இத ஒரு டெல்டாக்காரன்கிட்ட சொல்லி பாருங்க, "ஓ, மடைய சொல்றியா"ம்பாரு. ஒரு வாய்க்கா வருது, கரையில ரெண்டு மடை வச்சு ரெண்டு வயலுக்கு தண்ணிய பிரிக்கிறோம், எதுக்கு எவ்வளவுன்னு மடையாலதான் நிர்ணயம் பண்றோம், தண்ணி கொறைஞ்சா முறை வச்சு விடுறோம். அந்த 32 பங்கும் முறைப்பாசனத்துல நாம சொல்ற அதே முறைதானே. அதனால நான் முன்வைக்கிற பேர் இருமடை. ஒரு வரத்து, ரெண்டு மடை, குரலுக்கு ஒண்ணு தரவுக்கு ஒண்ணு. இன்னும் கொஞ்சம் விளக்கமா வேணும்னா இருமடைப் பெட்டின்னு சொல்லிக்கலாம். டிவியும் சேந்து வர்ற பெட்டிக்கு மும்மடை, அதுக்குன்னு புதுசா உக்காந்து யோசிக்க வேண்டியதில்ல.

இன்னொரு வசதியும் இருக்கு. எக்ஸ்சேஞ்சு பக்கம் இருக்குற பெரிய கருவிக்கு தலைமடை, சந்தாதாரர் வீட்டு முனைக்கு கடைமடை. ஜூன் 12 மேட்டூர் தொறந்தா தலைமடைக்கு எப்ப வரும் கடைமடைக்கு எப்ப வரும்னு பேசுற ஊர்ல இத யாரும் விளக்க வேணாம்.

> கடைமடை என்றாலே தண்ணீர் எட்டாத இடம் என்ற எண்ணம்தானே வரும்?

வரும், எங்க ஊர்ல அந்த வலி உண்டு. ஆனா கடைமடைங்கிறது எடத்தோட பேர், தண்ணி வராதது நிர்வாகத்தோட குறை. லைன்லயும் கடைசி முனையிலதான் சிக்னல் தேஞ்சு வருது, காப்பர் நாலஞ்சு கிலோமீட்டர் போயிட்டா டி.எஸ்.எல். வேகம் தரைக்கு வந்துடும். அந்த எண்ணம் கூடவே வர்றது தப்புன்னு எனக்கு தோணல.

இப்ப எனக்கு ரொம்ப முக்கியமான விஷயத்துக்கு வர்றேன். பெட்டி பேர விட, அதுல போன் கம்பி சொருகுற எப்.எக்ஸ்.எஸ்., எப்.எக்ஸ்.ஓ.ங்கிற ரெண்டு ஓட்டைக்கும் (போர்ட்டுக்கும்) நல்ல சொல் வேணும். ஒரு அரிசி மில்லு ஆபீஸ்ல நடந்தது. பெட்டி பின்னாடி பக்கத்து பக்கத்துல ஒரே மாதிரி ரெண்டு ஓட்டை, அளவு ஒண்ணு, நிறம் ஒண்ணு, மேல கடுகு சைஸ்ல எப்.எக்ஸ்.எஸ்., எப்.எக்ஸ்.ஓ.ன்னு போட்டிருக்கும், கடைசி எழுத்துதான் வித்தியாசம். கூட வந்த தம்பி எக்ஸ்சேஞ்சுல இருந்து வந்த லைன எப்.எக்ஸ்.எஸ்.ல சொருகிட்டான். அந்த ஓட்டை தானா 48 வோல்ட் குடுக்குற ஓட்டை. எதிர்ல எக்ஸ்சேஞ்சும் 48 வோல்ட் குடுக்குது. கொஞ்ச நேரம் ஒண்ணும் தெரியல, அப்பறம் வெளியில இருந்து ஒரு கால் வந்துச்சு, மணி அடிக்கிற மின்சாரம் 75 வோல்ட் பக்கம் ஏ.சி., அது உள்ள எறங்குனதும் அந்த போர்ட் செத்துப்போச்சு. பாவம், தம்பி அன்னிக்கு சாப்பிடவே இல்ல. அவன்மேல தப்பு சொல்ல எனக்கு மனசு வரல, அந்த மூணு எழுத்த பாத்து யாருக்கு என்ன புரியும்?

எப்.எக்ஸ்.ங்கிறது பாரின் எக்ஸ்சேஞ்ச். தன் ஏரியா நிலையத்துல இல்லாம வேற ஊர் நிலையத்துல இருந்து லைன் வாங்குற பழைய சேவையோட பேர் அது. இழைல ஒருத்தர் அத "அந்நியச் செலாவணி முனை"ன்னு எழுதியிருந்தாங்க, தயவுசெஞ்சு அது வேண்டாம், இங்க எக்ஸ்சேஞ்சுன்னா தொலைபேசி நிலையம். அந்த பேர் வச்ச காரணமே இன்னிக்கு போயிடுச்சு, போர்ட் செய்யிற வேலை மட்டும் நிக்குது. வேலை என்னன்னா, ஒண்ணு குடுக்குது இன்னொண்ணு வாங்குது. மின்சாரம் குடுக்குது, டயல்டோன் குடுக்குது, மணி குடுக்குது, அதுக்கு தருதுறை. அதையெல்லாம் நிலையத்துல இருந்து வாங்கிக்கிறது பெறுதுறை. டெலிபோன தருதுறையில சொருகு, வெளி லைன பெறுதுறையில சொருகு, அவ்வளவுதான், அந்த தம்பிக்கு இது போதும். சந்தேகம்னா மல்டிமீட்டர வச்சு பாருங்க, சும்மா இருக்குற ஓட்டையில 48 பக்கம் காட்டுனா அது தருதுறை. அதுல போன மாட்டி ரிசீவர தூக்குனா ஏழு எட்டு வோல்ட்டுக்கு எறங்கிடும், அந்த எறக்கத்த வச்சுத்தான் போன எடுத்துட்டாங்கன்னு பெட்டி கண்டுபிடிக்குது.

> செருகும் இடம்தானே, "தருவாய், பெறுவாய்" என்றால் இன்னும் சுருக்கம்.

நானும் முதல்ல அதத்தான் எழுதி வச்சிருந்தேன். வாக்கியத்துல போட்டதும் "நீ தருவாய், நீ பெறுவாய்"னு ஆயிடுது, மேனுவல்ல "தருவாய் பழுதானால்"னு எழுதுனா படிக்கிறவங்க ஒரு நிமிஷம் நின்னுடுவாங்க. துறைன்னா அரசாங்க துறை ஞாபகம் வருதுன்னும் ஒரு பேச்சு வந்துச்சு, ஆனா போர்ட்டுக்கு துறைங்கிறது கணித்தமிழ்ல ஏற்கனவே பொழங்குது, ஆத்துல எறங்குற படித்துறையும் அதே துறைதான், முன்னாடி தரு, பெறு இருந்தா குழப்பம் வராது.

ரவுட்டர், மோடம் பத்தி நான் ஒண்ணும் சொல்லல, திசைவி நல்லாவே ஓடுது, மோடம் மோடமாவே இருக்கட்டும்.

கடைசியா ஒண்ணு, இதுக்கு எனக்கு சொல் அமையல, நீங்கதான் சொல்லணும். காப்பர் காலத்துல கரண்ட் போனாலும் போன் பேசும், மின்சாரம் எக்ஸ்சேஞ்சுல இருந்து லைன்லயே வந்துச்சு. இந்த பெட்டியோ அடாப்டர் நின்னா நின்னுடும். அதுக்காக சில மாடல்கள்ல உள்ள ஒரு சின்ன ரிலே (கரண்ட் நின்னா தானா மாறிக்கிற சுவிட்ச்) வச்சிருப்பாங்க. அடாப்டர புடுங்குனா உள்ள "டக்"னு ஒரு சத்தம், அந்த நொடியே பெறுதுறையில இருக்குற வெளி லைன நேரா தருதுறை போனோட கோத்து விட்டுடும், ரிசீவர எடுத்தா டயல்டோன் வரும். ராத்திரி கரண்ட் இல்லாதப்ப ஆம்புலன்ஸுக்கு போன் பண்ணணும்னா அந்த ரிலேதான் கை குடுக்கும், அதனாலதான் இங்கிலீஷ்ல லைப்லைன்னு பேர் வச்சிருக்காங்க. "உயிர்நாடி"ன்னு சிலர் எழுதுறாங்க, அது நாடி, இங்க நடக்குறது கோத்துவிடுறது. ஆபத்துக்கு தொறக்குற மாத்துவழின்னு பொருள் வரணும், ரெண்டு மூணு எழுத்துல முடிஞ்சா நல்லது.

வர்ற திங்கள் ஒரு ஸ்கூலுக்கு நாலு பெட்டி மாட்டப் போறேன். தருதுறை, பெறுதுறைன்னு தமிழ்ல ஸ்டிக்கர் அடிச்சு ஒவ்வொரு ஓட்டை மேலயும் ஒட்டிட்டு வர்றதா இருக்கேன், ரிலே இருக்குற பெட்டிக்கும் ஒட்டணும், அதுக்குள்ள யாராவது சொல்லுங்க.