உற்பத்தி நின்றுபோன அனலாக் கன்சோல் வாங்கிய அனுபவம்

பழைய அனலாக் கன்சோல் (ஸ்டுடியோவில் பல சத்தங்களைக் கலக்கும் மிக்ஸர் மேசை) வாங்கப் போகிறேன் என்று யார் சொன்னாலும் நான் முதலில் கேட்பது இதைத்தான்: அதன் சர்க்யூட் டயகிராம் கிடைக்குமா? கிடைக்காது என்றால், எவ்வளவு பேர்போன மாடலாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். என்னிடம் இருப்பது 90-களின் நடுவில் வந்த 24 சேனல் இன்-லைன் கன்சோல், அதாவது ஒவ்வொரு சேனலிலும் ரெக்கார்டிங் பாதையும் மானிட்டர் பாதையும் (பதிவானதைக் கேட்கும் பாதை) சேர்ந்தே இருக்கும். அதைத் தயாரிப்பதை நிறுத்தி ரொம்ப வருஷமாகிவிட்டது, கம்பெனியில் உதிரி பாகம் எதுவும் இல்லை. ஆனால் சர்வீஸ் மேனுவல் முழுசாக இருக்கிறது. உள்ளே இருக்கும் ஐ.சி.க்களில் பெரும்பாலானவை டிஎல்072, என்இ5532 என்ற ஆப்-ஆம்ப்கள் (சிக்னலைப் பெருக்கும் சிப்புகள்). இரண்டுமே 70-களின் கடைசியில் வந்தவை, இன்றைக்கும் புதிதாகத் தயாராகிக்கொண்டிருப்பவை. இந்த இரண்டு காரணங்களுக்காகத்தான் வாங்கினேன். சத்தம் நன்றாக இருக்கிறதா என்ற கேள்வி எனக்கு அதற்கு அப்புறம்தான் வந்தது.

கன்சோலை நேரில் பார்க்கப் போனால், விற்பவர் ஒரு பாட்டைப் போட்டுக் காட்டுவார். அதில் உங்களுக்குத் தெரிவது இரண்டு சேனலின் நிலைமை மட்டும். ஒரு டைனமிக் மைக், ஒரு கேபிள், ஒரு ஹெட்ஃபோன், ஒரு மல்டிமீட்டர் எடுத்துக்கொண்டு போங்கள். முதலில் கன்சோலை ஆன் செய்து அரை மணி நேரமாவது அப்படியே விடுங்கள், ஏனென்றால் சூடேறிய பிறகுதான் சில பழுதுகள் வெளியே வரும். பிறகு எல்லா ஃபேடரையும் (சத்த அளவை மாற்ற மேலும் கீழும் நகர்த்தும் பிடி) இறக்கிவிட்டு, மாஸ்டரை மட்டும் ஏற்றி, ஹெட்ஃபோனில் கேளுங்கள். 'ஹம்' இருந்தால் அதன் சுருதியைக் கவனியுங்கள். மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்றால், அதே 50 ஹெர்ட்ஸில் அடியில் உறுமுவது பெரும்பாலும் எர்த் லூப் (எர்த் இணைப்புகள் ஒன்றுக்கு மேல் சேர்ந்து உண்டாகும் வளையம்), அல்லது பக்கத்தில் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மரின் காந்தப்புலம். கேபிளையும் இடத்தையும் மாற்றினால் போய்விடும். அதற்கு ஒரு ஸ்தாயி மேலே, 100 ஹெர்ட்ஸில் கொஞ்சம் கரகரப்போடு கேட்டால், பவர் சப்ளைக்குள் இருக்கும் பெரிய ஃபில்டர் கெப்பாசிட்டர்கள் வலுவிழந்துவிட்டன என்று சந்தேகப்படலாம், ஏனென்றால் ரெக்டிஃபையரைத் தாண்டி வரும் அலை இரட்டிப்பாகத்தான் வரும். (60 ஹெர்ட்ஸ் மின்சாரம் என்றால் 60, 120 என்று வைத்துக்கொள்ளுங்கள்.)

அப்புறம் மைக்கை வைத்துக்கொண்டு ஒவ்வொரு சேனலாகப் போக வேண்டும். கெயினை மெதுவாகத் திருப்பிப் பாருங்கள், எல்லா சுவிட்சையும் அழுத்திப் பாருங்கள். ஃபேன்டம் பவரை (கேபிள் வழியே மைக்குக்குப் போகும் 48 வோல்ட்) போட்டு, எக்ஸ்எல்ஆர் மைக் சாக்கெட்டில் ஒன்றாம் பின்னுக்கும் இரண்டாம் பின்னுக்கும் நடுவிலும், ஒன்றாம் பின்னுக்கும் மூன்றாம் பின்னுக்கும் நடுவிலும் வோல்டேஜ் பாருங்கள். இரண்டும் 48-ஐ ஒட்டி, ஒன்றுபோல இருக்க வேண்டும்.

நான் வாங்கியதில் ஒரு சேனல் சாகும், உயிர் வரும், மறுபடி சாகும். மெதுவாகப் பேசினால் சத்தமே இல்லை, மைக்குக்கு நேரே ஒரு கைதட்டு தட்டினால் திடீரென்று திறந்துகொண்டு சரியாகக் கேட்கும். ஐ.சி. போய்விட்டது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பின்னால் இருக்கும் இன்செர்ட் ஜாக்கை (சேனலின் நடுவில் வெளிக் கருவியைச் சேர்க்கும் துளை) பாருங்கள். அதில் எதுவும் செருகாதபோது, உள்ளே இரண்டு மெல்லிய உலோக நாக்குகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும், அந்தச் சேனலின் மொத்த சிக்னலும் அந்தத் தொடுபுள்ளி வழியாகத்தான் போகிறது. வருஷக்கணக்கில் யாரும் எதையும் செருகாவிட்டால் அதன் மேல் மெல்லிய ஆக்சைடு படலம் படர்ந்துவிடும். சின்ன சிக்னலால் அதைத் தாண்ட முடியாது, பெரிய சிக்னல் உடைத்துக்கொண்டு போகும். கைதட்டினால் திறந்ததற்குக் காரணம் அதுதான். ஒரு பிளக்கை எடுத்துப் பலமுறை செருகி உருவினேன், சேனல் முழுசாகத் திரும்பி வந்தது. பிறகு கான்டாக்ட் கிளீனர் போட்டுத் துடைத்தேன். பழைய கன்சோலில் பழுது என்று தோன்றுவதில் பெரும்பகுதி இந்த ரகம்தான்: ஜாக், சுவிட்ச், ரிப்பன் கேபிள் கனெக்டர். பாகம் செத்துப்போவது அதைவிடக் குறைவு.

பவர் சப்ளை மட்டும் விதிவிலக்கு, அதில் தயவுசெய்து கஞ்சத்தனம் பண்ணாதீர்கள். எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டருக்குச் சூடுதான் எதிரி. தோராயக் கணக்குப்படி 10 டிகிரி சூடு கூடினால் ஆயுள் பாதியாகும். தனிப் பெட்டியாக வரும் சப்ளைகள் ஏதாவது மூலையில் காற்றில்லாமல் கிடந்திருக்கும். வீட்டுக்கு வந்ததும் நான் செய்த முதல் வேலை, அதில் இருந்த எலக்ட்ரோலிட்டிக் எல்லாவற்றையும் புதிதாகப் போட்டு, கருத்துப்போன கனெக்டர் பின்களையும் மாற்றியதுதான். அதற்கே பாஸ் சத்தம் இறுக்கமாகிவிட்டது.

ஐ.சி.க்களை மொத்தமாக மாற்றச் சொல்லி நிறையப் பேர் எழுதுகிறார்கள். டிஎல்072-ஐக் கழற்றிவிட்டு என்இ5532 போட்டால் கால்கள் அப்படியே பொருந்தும், உண்மைதான். ஆனால் முதலாவது ஏறக்குறைய 3 மில்லியாம்ப் இழுக்கும், இரண்டாவது 8. கன்சோல் முழுவதும் பெருக்கிப் பாருங்கள், அந்தச் சுமையெல்லாம் ஏற்கெனவே சூடாக இருக்கும் சப்ளையின் தலையில்தான் விழும். போதாததற்கு 5532-இன் பயாஸ் கரன்ட் (உள்ளீட்டுக் காலில் ஓடும் சின்ன மின்னோட்டம்) அதிகம், அதனால் பொத்தானை அழுத்தும்போது 'டப்' என்று கேட்கும், பாட்கள் (திருப்பும் குமிழ்கள்) கரகரக்கும். மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் மிக்ஸ் பஸ்ஸின் சம்மிங் ஆம்பை (எல்லா சேனலையும் ஒன்றாகக் கூட்டும் ஆம்ப்) மட்டும் பாருங்கள். விர்ச்சுவல் எர்த் முறையில் 24 சேனல் ஒரே இடத்தில் வந்து விழும்போது அந்த ஆம்ப் தன் சொந்த இரைச்சலை 25 (24 + 1) மடங்கு, அதாவது 28 டெசிபல் (டிபி), பெருக்கிக் காட்டுகிறது. நல்ல ஐ.சி.க்கு அங்கேதான் வேலை.

வேலை செய்யும் விதம் பற்றி: கம்ப்யூட்டரிலிருந்து 24 டிராக்கைக் கன்வர்ட்டர் (டிஜிட்டலை அனலாக்காக மாற்றும் கருவி) வழியாக வெளியே எடுத்து மிக்ஸ் செய்கிறேன். இன்-லைன் என்பதால் மிக்ஸ் நேரத்தில் மானிட்டர் பாதையும் சேர்ந்து 48 உள்ளீடு கிடைக்கிறது, எஃபெக்ட் ரிட்டர்ன்களுக்குத் தாராளம். கன்சோலின் 0 வியூ (அதன் மீட்டரின் 0 குறி) என்பது +4 டிபியூ, அதாவது 1.23 வோல்ட். அதைக் கம்ப்யூட்டர் பக்கத்தில் −18 டிபிஎஃப்எஸ்ஸுக்கு (டிஜிட்டலின் உச்சத்துக்கு 18 டிபி கீழே) சமமாக வைத்துக்கொண்டால் இரண்டு பக்கமும் மூச்சுவிட இடம் இருக்கும். ஈக்யூவில் (ஒலியின் அடி, மேல் பகுதிகளைக் கூட்டிக் குறைக்கும் பகுதி) திரை இல்லை, வரைபடம் இல்லை, குமிழைத் திருப்பிக் கேட்க வேண்டியதுதான். எனக்கு இது ரொம்பப் பிடித்திருக்கிறது. ஒரு மிக்ஸ் முடிந்ததும் எல்லா சேனலையும் போனில் படம் பிடித்து வைப்பேன், ஆனாலும் அதே மிக்ஸ் அச்சு அசலாகத் திரும்பி வராது. வாடிக்கையாளர் பத்துமுறை திருத்தம் சொல்லும் வேலை உங்களுடையது என்றால் இதை யோசித்துவிட்டு வாங்குங்கள்.

---

பதில்:

நல்ல பதிவு. என் அனுபவத்தையும் சேர்க்கிறேன். என்னுடைய கன்சோலில் மைக் ப்ரீஆம்பில் (மைக்கின் சின்ன சிக்னலைப் பெருக்கும் பகுதி) எஸ்எஸ்எம்2017 என்ற ஐ.சி. இருந்தது. அதன் தயாரிப்பே நின்றுவிட்டது, பழைய சரக்கு என்று விற்பதில் போலிகள் நிறைய. அதே கால் அமைப்பில் ஐஎன்ஏ217, தட்1510 இரண்டும் வருகின்றன, நான் முதலாவதைப் போட்டேன், எந்தக் குறையும் தெரியவில்லை. அதனால் ஒரு பாகம் நின்றுபோனது என்றதும் கன்சோலையே கைவிட வேண்டாம், மாற்று இருக்கிறதா என்று டேட்டாஷீட்டில் தேடுங்கள். பயப்பட வேண்டியது அந்தக் கம்பெனி தனக்கென்றே செய்த பொத்தான் தொகுதிகளுக்கும் லாஜிக் ஐ.சி.க்களுக்கும்தான். அவற்றை எடுக்க இன்னொரு செத்த கன்சோல்தான் வேண்டும்.

இன்னொன்று, ஃபேடர் கரகரக்கிறது என்று கண்ட ஸ்பிரேயையும் உள்ளே அடிக்காதீர்கள். கரைப்பான் உள்ள கிளீனர், கார்பன் பாதையில் இருக்கும் கிரீஸைக் கழுவிவிடும், அப்புறம் ஃபேடர் வெடவெடவென்று ஓடும், சீக்கிரம் தேய்ந்தும் போகும். ஃபேடருக்கென்றே எண்ணெய்ப் பசையோடு வரும் திரவம் இருக்கிறது, அதில் ஒன்றிரண்டு சொட்டு போதும். ரொம்ப நாளாக ஆன் செய்யாமல் கிடந்த ஒன்று இப்போது எனக்கு வருகிறது, அதை எப்படி எழுப்புவது என்று சொல்லுங்களேன்.

---

பதில்:

நேராக பிளக்கைச் செருகிவிட வேண்டாம். முதலில் பவர் சப்ளையைக் கன்சோலிலிருந்து கழற்றிவிடுங்கள். லீனியர் சப்ளை (பெரிய டிரான்ஸ்ஃபார்மர் வைத்த ரகம்) என்றால், வேரியாக் (வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர்) வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக வோல்டேஜை ஏற்றி, கெப்பாசிட்டர்கள் சூடாகின்றனவா என்று பார்த்தபடியே போங்கள். சப்ளையைத் திறந்து வைத்திருக்கும்போது உள்ளே மெயின்ஸ் மின்சாரம் ஓடுகிறது, பெரிய கெப்பாசிட்டரில் அணைத்த பிறகும் சார்ஜ் நிற்கும், பழக்கமில்லை என்றால் தெரிந்தவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பிளஸ், மைனஸ், 48 மூன்றும் மேனுவலில் சொன்னபடி நின்ற பிறகு கன்சோலோடு இணையுங்கள். வண்டியில் வந்ததால் ரிப்பன் கேபிள்கள் அசைந்திருக்கும், ஆன் செய்வதற்கு முன்பே எல்லாவற்றையும் ஒருமுறை கழற்றி மாட்டிவிடுங்கள். ஸ்பீக்கர் ஆம்ப் கடைசியில்தான் ஆன் ஆக வேண்டும், அணைக்கும்போது அதுதான் முதலில். வந்ததும் எந்த மாடல் என்று எழுதுங்கள், டயகிராம் இருந்தால் சேர்ந்து பார்ப்போம்.