மோட்டார் ‘ஸ்டால்’ ஆவதற்குத் தமிழில்: நிறுத்தமா, திணறலா?

வணக்கம்.

மின்சாரம் இருந்தும் மோட்டார் சுற்ற முடியாமல் நின்றுவிடுவதை ஆங்கிலத்தில் ‘ஸ்டால்’ என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் இந்த விவாத இழையில் இதுவரை வந்த சொற்களில் ‘சுழல்நிறுத்தம்’ தான் பலருக்கும் பிடித்திருக்கிறது. எனக்கு உடன்பாடில்லை. காரணம் எங்கள் வீட்டு அடுப்படியிலேயே இருக்கிறது.

போன வாரம் தாண்டிக்குடிக் காப்பிக்கொட்டை கொஞ்சம் வந்தது, லைட் ரோஸ்ட். (இதற்கு ‘இளவறுப்பு’ போதும், தனி இழை வேண்டாம்.) மதுரையில் நம் வாய்க்குப் பழகியது நன்றாகக் கறுக்க வறுத்தது, பல்லில் வைத்தால் பொரிகடலைபோல நொறுங்கும். இளவறுப்புக் கொட்டை அப்படி இல்லை. ஈரம் முழுசாகப் போகாமல், உப்பாமல், உள்ளே நெருக்கமாக இருக்கும். கடித்தால் பல்தான் யோசிக்கும்.

காப்பிக் கிரைண்டரில் 18 கிராம் போட்டு, அரைப்பு அளவை நைசாக வைத்து, சுவிட்சைத் தட்டினேன். நாலு விநாடி ஓடியது. பிறகு ‘ம்ம்ம்’ என்று ஒரு முனகல், சுற்றவில்லை. கொஞ்ச நேரத்தில் வார்னிஷ் வாடை. சட்டென்று பிளக்கைப் பிடுங்கிவிட்டேன்.

நிறுத்தம் என்றால் சுவிட்சை அணைப்பதும் நிறுத்தம்தானே? இங்கே மின்சாரம் போய்க்கொண்டேதான் இருக்கிறது. சுழலும் மோட்டார் தனக்குள் ஓர் எதிர் மின்னழுத்தத்தை உண்டாக்கிக்கொள்ளும். மின்னோட்டத்துக்கு அதுதான் கடிவாளம். சுழற்சி நின்றால் கடிவாளம் போச்சு. பல மடங்கு மின்னோட்டம் பாய்ந்து மோட்டாரின் கம்பிச்சுருள் கொதிக்கிறது. முழுமூச்சாக முயல்கிறது, நகர முடியவில்லை. இதற்குத் ‘திணறல்’ தவிர வேறென்ன சொல்வது? மூச்சுத்திணறல் நமக்கு ஏற்கெனவே தெரிந்த சொல்.

‘சுமைமுடக்கம்’ என்று சொல்லலாம் என்றவருக்கு: வாடிப்பட்டிப் பக்கம் வயல் மோட்டார் ‘லோ வோல்டேஜ்’ வந்தாலும் இதேபோல முனகி நிற்கும். தண்ணீர்ச் சுமை ஏறவில்லை. மின்னழுத்தம் பாதியானால் முறுக்குவிசை (மோட்டார் சுழற்றும் வலு, ‘டார்க்’) கால்வாசிக்கு இறங்கிவிடும், அவ்வளவுதான். எனவே சொல்லில் சுமையை ஏற்ற வேண்டாம். கொட்டையோடு ஒரு கல் வந்து மாட்டினால் அது ‘ஜாம்’, அதாவது சிக்கல், அதையும் இதையும் குழப்பக் கூடாது. விமானத்தின் ‘ஸ்டால்’ வேறு சங்கதி, அங்கே இல்லாமல் போவது இறக்கையின் தூக்குவிசை. ஆங்கிலத்தில் ஒரே சொல் என்பதற்காக நாமும் ஒன்றையே கட்டி அழ வேண்டியதில்லை.

இன்னொரு சோதனை, கிளைச்சொற்கள். திணறல் மின்னோட்டம், திணறல் முறுக்குவிசை, திணறல் காப்பு. நாக்கில் ஒட்டுகிறது. ‘சுழல்நிறுத்த மின்னோட்டம்’ என்று நாலு தடவை சொல்லிப் பாருங்கள்.

‘சண்டி’ என்று எழுதிய தம்பிக்கு: அழகான சொல்தான். ஆனால் சண்டி மாடு முடிந்தும் இழுக்காது. இது இழுக்கப் பார்த்தும் முடியாதது. என் கிரைண்டர்மேல் அபாண்டம் வேண்டாம்.

கிரைண்டர் என்ன ஆச்சு என்று கேட்டவர்களுக்கு: பிளக்கைக் கழற்றி, கவிழ்த்து, பற்களில் அடைத்திருந்த தூளைப் பிரஷ்ஷால் எடுத்தேன். ஆறவிட்டு, இரண்டு புள்ளி கரகரப்பாக வைத்து, முதலில் வெறுமனே ஓடவிட்டு, கொட்டையைச் சிறிது சிறிதாகப் போட்டேன். அரைத்துவிட்டது. நைசாக்குவதென்றால் மோட்டார் ஓடும்போதுதான் அரைப்பு அளவைத் திருப்ப வேண்டும்.

ஒன்று பாக்கி. நிற்பதற்கு முன் வேகம் இறங்குகிறதே, அதற்கு நான் ‘தொய்வு’ என்று வைத்திருக்கிறேன், அவ்வளவு திருப்தி இல்லை. பம்ப்செட்காரர்கள் ‘இழுக்கல’ என்பார்கள். அதிலிருந்து யாராவது ஒரு பெயர்ச்சொல் உருட்டித் தாருங்கள்.